நான்கு நாள் முற்றுகை: 1148இல் டமாஸ்கஸ் ஏன் விழவில்லை?

கேள்வி இது: இரண்டாம் சிலுவைப் போரின்போது பிரான்ஸ் அரசர், ஜெர்மானிய அரசர், ஜெருசலேம் அரசர் என்று மூன்று அரசர்கள் படையோடு டமாஸ்கஸ் மதிலுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஜெருசலேம் நாட்டில் குடியேறியிருந்த உள்ளூர்க் கிறித்தவப் பிரபுக்கள் பணம் வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று பரவலாகச் சொல்லப்படுகிறதே, அது உண்மையா? அதற்கும் முன்னால், ஜெருசலேமோடு உடன்படிக்கை வைத்திருந்த ஊரின்மீதே படையெடுத்தது என்ன புத்தி?

பணம் கைமாறியிருக்கலாம், கைமாறாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அந்தத் தோல்விக்கு லஞ்சம் தேவைப்படவில்லை என்பதே என் கருத்து. முற்றுகை என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், அந்தப் படை முற்றுகையிட வரவில்லை. ஓரிரு நாளில் மோதி உள்ளே நுழைந்துவிடலாம் என்று வந்தது. அது நடக்காது என்று தெரிந்த பிறகு அதன் கையில் வேறு திட்டம் எதுவும் இருக்கவில்லை. படையெடுப்பு முட்டாள்தனமா என்ற இரண்டாவது கேள்விக்கும் என் பதில் வழக்கமான பதிலிலிருந்து வேறுபடும். டமாஸ்கஸைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. போன விதத்தில்தான் தவறு.

கதையின் முன்பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சிலுவைப் போரில் கிழக்கே முதலில் உருவான கிறித்தவ அரசு எடெஸ்ஸா. இன்று துருக்கியில் ஷன்லிஉர்ஃபா என்று அழைக்கப்படும் ஊர். 1144 டிசம்பர் 24 அன்று மோசூலையும் அலெப்போவையும் ஆண்ட ஸெங்கி அதைப் பிடித்தார். ஐரோப்பா அதிர்ந்தது. போப் மூன்றாம் யூஜீனியஸ் புதிய சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்ட் 1146 மார்ச் 31 அன்று வெஸலேயில் ஆற்றிய உரையைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் போருக்குப் போவதாகச் சபதமேற்றுச் சிலுவைச் சின்னம் தரித்தார்கள். பிரான்ஸின் ஏழாம் லூயியும் ஜெர்மானியரின் மூன்றாம் கான்ராடும் புறப்பட்டார்கள். ஆனால் அவர்கள் புறப்படும் முன்பே, 1146 செப்டம்பரில், ஸெங்கி தன் ஏவலாள் ஒருவன் கையால் கொலையுண்டார். அந்தக் குழப்பத்தில் எடெஸ்ஸாவின் பழைய பிரபு ஜோஸ்லின் ஊரை மீட்கப் பார்த்தார். ஸெங்கியின் இளைய மகன் நூருத்தீன் அலெப்போவிலிருந்து பாய்ந்து வந்து அதை முறியடித்தார். ஊரில் இருந்த ஆர்மீனிய, சிரியக் கிறித்தவர்களில் பெரும்பகுதி கொல்லப்பட்டது அல்லது அடிமைச் சந்தைக்குப் போனது. ஆக, எந்த ஊரை மீட்க இந்தப் போர் அறிவிக்கப்பட்டதோ, அந்த ஊரில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. குறிக்கோள் செத்துப்போன பிறகும் படை நடந்துகொண்டிருந்தது.

நடந்தது என்பதும் பாதி உண்மைதான். கான்ராடின் படையை 1147 அக்டோபரில் அனடோலியாவில் டோரிலேயம் அருகே துருக்கியர் சிதைத்தார்கள். லூயியின் படை 1148 ஜனவரியில் கட்மஸ் மலைப் பகுதியில் அடிவாங்கியது. அட்டாலியா துறைமுகத்தில் கப்பல்கள் போதவில்லை. அரசரும் பிரபுக்களும் ஏறிக்கொண்டார்கள். காலாட்படையில் பெரும்பாலோர் கரையிலேயே விடப்பட்டு அழிந்தார்கள். இந்தப் போரின் ஒரே பெரிய வெற்றி மேற்குக் கோடியில், 1147இல் லிஸ்பன் பிடிபட்டபோது கிடைத்தது. கிழக்கே வந்து சேர்ந்தவர்கள் குதிரையும் பணமும் கௌரவமும் குறைந்து, எதையாவது சாதித்துக் காட்டியே தீரவேண்டிய மனிதர்கள். டமாஸ்கஸ் முடிவைப் புரிந்துகொள்ள இந்த மனநிலையை மறக்கக்கூடாது.

1148 ஜூன் 24 அன்று ஆக்கர் நகருக்கு அருகே பெரும் சபை கூடியது. கான்ராட், லூயி, ஜெருசலேமின் பதினெட்டு வயது அரசர் மூன்றாம் பால்ட்வின், அதிகாரத்தை இன்னும் கைவிடாத அவருடைய தாய் மெலிசெண்ட், டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் என்ற போர்வீரத் துறவியர் அமைப்புகளின் தலைவர்கள், ஆயர்கள், பிரபுக்கள் எல்லோரும் இருந்தார்கள். கான்ராடின் அண்ணன் மகன் பிரெடெரிக்கும் அங்கே இருந்தார். பிற்பாடு பார்பரோசா என்று புகழ்பெற்று, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து மூன்றாம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தவர் இவர்தான். வராதவர்களையும் கவனிக்க வேண்டும். அந்தியோக்கியாவின் பிரபு ரேமண்ட் வரவில்லை. அலெப்போவைத் தாக்கினால்தான் நூருத்தீனை அடக்க முடியும் என்று அவர் லூயியிடம் மன்றாடியிருந்தார். லூயியின் மனைவி எலினோர் ரேமண்டின் அண்ணன் மகள். அவரும் சித்தப்பா பக்கம் பேசினார். அது அரண்மனை வம்பாக வளர்ந்து, லூயி மனைவியைக் கையோடு இழுத்துக்கொண்டு அந்தியோக்கியாவிலிருந்து கிளம்பிவிட்டார். வம்பின் விவரங்களை எழுதியவர்கள் எல்லோருமே ரசித்து எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அலெப்போ பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது என்ற செய்தி மட்டும்.

எஞ்சியவை இரண்டு. எகிப்தின் ஃபாத்திமியர் கையில் தெற்குக் கடற்கரையில் இருந்த அஸ்கலான் ஒன்று. டமாஸ்கஸ் மற்றொன்று. சபை டமாஸ்கஸைத் தேர்ந்தது. உண்மையில் கான்ராட் வசந்த காலத்திலேயே ஜெருசலேம் அரசரோடும் டெம்ப்ளர்களோடும் பேசி அதை முடிவு செய்திருந்தார். சபை அதற்கு முத்திரை குத்தியது.

இனி ‘நட்பு நகரம்’ என்ற வாதத்துக்கு வருவோம். டமாஸ்கஸை அப்போது பெயரளவில் ஆண்டவர் பூரித் வம்சத்து இளவரசர் முஜீருத்தீன். உண்மையான அதிகாரம் முயீனுத்தீன் உனுர் என்ற முதிய துருக்கியத் தளபதியிடம் இருந்தது. ஒரு காலத்தில் அந்த வம்சத்தை நிறுவியவரின் அடிமை வீரராக இருந்து மேலே வந்தவர். ஸெங்கி டமாஸ்கஸை விழுங்கப் பார்த்தபோது, உனுர் ஜெருசலேமோடு கைகோத்தார். 1140இல் இரு தரப்பும் சேர்ந்தே பானியாஸ் கோட்டையை முற்றுகையிட்டன. இது மதம் பார்க்காத, அண்டை வீட்டுக்காரனைப் பார்த்த உடன்படிக்கை. அதனால்தான் பலரும் 1148ஐத் தற்கொலை என்கிறார்கள்.

ஆனால் அந்த உடன்படிக்கை 1147இலேயே உடைந்துவிட்டது. உடைத்தவர்கள் ஜெருசலேம்காரர்கள். டமாஸ்கஸுக்குத் தெற்கே புஸ்ரா, ஸல்கத் ஆகிய ஊர்களின் ஆளுநர் அல்தூன்தாஷ் உனுருக்கு எதிராகக் கிளம்பி, ஊர்களை ஜெருசலேமுக்குத் தருவதாகச் சொன்னார். உனுர் பழைய உறவை நினைவுபடுத்தினார், படை திரட்டிய செலவைக்கூடத் தருவதாகச் சொன்னார். இளம் பால்ட்வின் கேட்கவில்லை. படை வெயிலிலும் தாகத்திலும் நடந்துபோய், புஸ்ரா ஏற்கெனவே உனுர் பக்கம் போய்விட்டதைக் கண்டு வெறுங்கையோடு திரும்பியது. அந்தச் சமயத்தில் உனுருக்கு உதவிக்கு வந்தவர் நூருத்தீன். அதே ஆண்டில் உனுரின் மகளையும் அவர் மணந்தார். (கணவர் இறந்த பிறகு அந்தப் பெண்மணியை மணந்தவர், பிற்பாடு ஜெருசலேமைக் கைப்பற்றிய சலாஹுத்தீன்.) ஆக, 1148இல் ஜெருசலேம் கண்ட டமாஸ்கஸ் பழைய நண்பன் இல்லை. அலெப்போவின் மாமனார் வீடு. அலெப்போவும் டமாஸ்கஸும் ஒரே கைக்குப் போகுமுன் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஒரு தளபதி நினைத்தால் அதில் புத்திகெட்டது எதுவும் இல்லை. இரண்டாம் பால்ட்வின் 1129இலேயே இதே ஊரை நோக்கிப் படையெடுத்துத் தோற்றிருந்தார். ஜெருசலேமின் பழைய ஆசைதான் இது. அதோடு, ஐரோப்பாவிலிருந்து வந்த வீரனுக்கு அலெப்போ வெறும் பெயர். டமாஸ்கஸோ புனித பவுல் மனந்திரும்பிய தமஸ்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்டு வளர்ந்த ஊர்.

படை ஜூலை நடுவில் திபேரியாவில் கூடி, பானியாஸ் வழியாக மலையைக் கடந்து, தெற்கிலிருந்து டமாஸ்கஸை நெருங்கியது. எவ்வளவு பேர் என்பதற்கு 50,000 என்ற எண் அடிக்கடி வரும். இடைக்காலக் குறிப்புகளின் எண்களை நான் அப்படியே நம்புவதில்லை. சிரியா மண்ணில் சிலுவைப் போராளிகள் அதுவரை திரட்டியவற்றில் இது மிகப் பெரிய படைகளில் ஒன்று என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் டமாஸ்கஸ்வாசி ஒருவரின் சாட்சியம் நமக்கு இருக்கிறது. இப்னு அல்-கலானிசி, நகர நிர்வாகத்தில் உயர் பதவி வகித்தவர், அப்போது எழுபது வயதைக் கடந்தவர், ஊருக்குள்ளேயே இருந்தவர். படை வருகிறது என்று தெரிந்ததும் உனுர் வழிகளில் காவல் போட்டார், எதிரிக்கு உணவு போகாமல் தடுத்தார், வழியிலிருந்த கிணறுகளைத் தூர்த்தார் என்று அவர் எழுதுகிறார். படை முதலில் ஊருக்குத் தெற்கே தங்கப் பார்த்தது. அங்கே தண்ணீர் வெட்டப்பட்டிருந்தது. அதனால் மேற்கே மிஸ்ஸா என்ற இடத்துக்கு நகர்ந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தச் சிறு தகவல் ஒரு திறவுகோல். ஜூலை மாதச் சிரிய வெயிலில், கனத்த இரும்புக் கவசம் அணிந்த ஆட்களும் குதிரைகளும் எங்கே நிற்கலாம் என்பதைத் தளபதிகளுக்கு முன்பே தண்ணீர் முடிவு செய்துவிட்டது.

மேற்கே தண்ணீர் இருந்தது, பரதா நதி. அந்த நதி மலைப் பிளவிலிருந்து இறங்கி, பல வாய்க்கால்களாகப் பிரிந்து, கூத்தா என்ற பெரும் தோப்பு வளையத்தை வளர்க்கிறது. இந்தத் தோப்புகளுக்குள் படை நுழைவது எளிதில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மண் சுவர். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆள் போகும் அளவு சந்து. தோட்டங்களுக்குள் ஆங்காங்கே உயரமான கட்டடங்கள், அவற்றின் மேலே வில்லாளிகள். சுவர்களில் சிறு ஓட்டைகள், அவற்றின் வழியே விலாவில் குத்தும் ஈட்டிகள். யார் குத்தினார் என்று திரும்பிப் பார்க்கக்கூட இடம் கிடையாது. குதிரைப் பாய்ச்சலை நம்பியே போர் செய்து பழகிய வீரர்களுக்கு இதைவிட மோசமான களம் அமையாது.

ஆனாலும் ஜூலை 24, சனிக்கிழமை, அவர்கள் வென்றார்கள். ஜெருசலேம் படை முன்னால் தோப்புச் சுவர்களை இடித்துக்கொண்டு போனது. ஆற்றங்கரையில் எதிர்ப்பு கடுமையானபோது, பின்னால் இருந்த கான்ராட் பொறுமையிழந்து முன்னணிக்குப் பாய்ந்து, தன் வீரர்களோடு குதிரையைவிட்டு இறங்கி வாள் வீசினார். ஒரே வீச்சில் ஒரு துருக்கிய வீரனின் தலை, கழுத்து, இடது தோள், கை எல்லாவற்றையும் துண்டாக்கினார் என்று டயர் நகரப் பேராயர் வில்லியம் எழுதுகிறார். வில்லியம் அப்போது ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். பல ஆண்டுகள் கழித்துக் கேள்விப்பட்டதை எழுதினார். அந்த வீச்சு நடுவில் சற்று வளர்ந்திருக்கும். மாலைக்குள் அந்த நதி பிராங்கியர், அதாவது சிலுவைப் படையினர், கையில். நகர மதிலுக்கு எதிரே, குதிரை விளையாட்டு நடக்கும் பசுமைத் திடல் வரை வந்து, வெட்டிய மரங்களால் வேலி கட்டிக்கொண்டு பாசறை அமைத்தார்கள்.

நகரத்தில் அன்று இரவு பெரும் கலக்கம். தெருக்களின் குறுக்கே பெரிய உத்தரங்களைப் போட்டுத் தடுத்தார்கள். உமையாப் பெரிய பள்ளிவாசலில் கலீபா உஸ்மானுடையது என்று போற்றப்பட்ட குர்ஆன் பிரதியை வெளியே கொண்டுவந்து வைத்து, ஆணும் பெண்ணும் தலையில் சாம்பலைத் தூவிக்கொண்டு அழுது மன்றாடினார்கள் என்று பிற்கால அரபு வரலாற்றாசிரியர் ஒருவர் சொல்கிறார். அன்றைய சண்டையில் இறந்தவர்களில் ஒருவர் அல்-ஃபிந்தலாவி என்ற முதியவர், மாலிகி என்ற இஸ்லாமியச் சட்ட மரபின் அறிஞர். கால்நடையாகப் போர்க்களத்துக்குப் போன அவரை உனுர் பார்த்து, வயதான உங்களுக்கு இந்தக் கடமை இல்லை, திரும்பிப் போங்கள் என்றாராம். “நான் விற்றுவிட்டேன், அவன் வாங்கிக்கொண்டான்” என்றாராம் கிழவர். உயிரைச் சொர்க்கத்துக்கு ஈடாக இறைவன் வாங்கிக்கொண்டதாகக் குர்ஆன் சொல்லும் வசனத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். இறந்தவர்களில் இன்னொருவர் ஷாஹன்ஷா. டமாஸ்கஸ் சேவையில் இருந்த குர்தியத் தளபதி அய்யூபின் மகன், சலாஹுத்தீனின் அண்ணன். சலாஹுத்தீனுக்கு அப்போது பத்து வயது சொச்சம்.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை மாறியது. நகரத்தின் வடக்கு வாசல்கள் திறந்தே இருந்தன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. படை எவ்வளவு பெரியதானாலும் டமாஸ்கஸைச் சுற்றி வளைக்கும் அளவுக்குப் பெரியதில்லை. உனுர் எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைத்து, பிக்கா பள்ளத்தாக்கு வில்லாளிகளும் துருக்கமான் குதிரை வீரர்களும் மற்றவர்களும் அந்த வாசல்கள் வழியே வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் தோப்புகளுக்குள் புகுந்து, முந்தைய நாள் நகரத்தார் பட்ட பாட்டை பிராங்கியருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மரவேலிக்கு வெளியே தனியாகப் போனவன் திரும்பவில்லை. சுற்றுப்புறக் கிராமத்து ஆட்கள் பிராங்கியரின் தலைகளைக் கொண்டுவந்து பரிசு வாங்கிப் போனார்கள். வேலிக்குள் இருந்தவர்கள் வெளியே வரத் தயங்கினார்கள். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் இருந்தார்கள்.

அடுத்ததுதான் பெரிய சர்ச்சை. ஜூலை 27 அன்று படை தண்ணீரும் பழமும் கிடைத்த மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டு, தோப்பில்லாத கிழக்குப் பக்கத்துக்கு மாறியது. அங்கே மதில் தாழ்வு, சுடாத செங்கல்லால் ஆனது, முதல் மோதலிலேயே விழுந்துவிடும், முற்றுகைப் பொறிகள்கூட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மதில் அப்படி இல்லை. தண்ணீரும் இல்லை, உணவும் இல்லை. இதற்குள் டமாஸ்கஸ்காரர்கள் மேற்குத் தோப்புச் சந்துகளை மரங்களாலும் பாறைகளாலும் அடைத்து வில்லாளிகளை நிறுத்திவிட்டார்கள். விட்டுவந்த இடத்துக்குத் திரும்பவும் முடியாது. மறுநாள் காலை படை பின்வாங்கியது.

அந்த யோசனையைச் சொன்னவர் துரோகி என்கிறார் வில்லியம். கான்ராட் ஜெர்மனியில் இருந்த தன் நம்பிக்கைக்குரிய மடத்தலைவர் வீபால்டுக்கு எழுதிய கடிதத்திலும், யார்மீது சந்தேகமே படவில்லையோ அவர்களால் ஏமாற்றப்பட்டோம் என்றே எழுதினார். எனக்கோ இந்த இடமாற்றம் மிகவும் புரியும்படி இருக்கிறது. படை சில நாளுக்கான உணவோடுதான் வந்தது என்று அதே வில்லியம்தான் சொல்கிறார். முற்றுகைக் கோபுரமோ கல்லெறி பொறிகளோ செய்யத் தொடங்கியதாக எந்தக் குறிப்பும் இல்லை. மற்ற முற்றுகைகளைப் பாருங்கள். 1099இல் ஜெருசலேமுக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் ஆனது. 1124இல் டயருக்கு ஐந்து மாதத்துக்கு நெருக்கம். அந்தியோக்கியாவுக்கு 1097 அக்டோபரிலிருந்து மறு ஜூன் வரை. இவர்களோ ஒரு வாரச் சோற்றோடு ஒரு பெருநகரத்தின்முன் வந்து நின்றார்கள். தோப்பு வழியாக ஊருக்குள் போக முடியாது என்று மூன்று நாளில் தெரிந்துவிட்டது. திறந்த வெளியில் நேரடியாக மதிலில் மோதுவதுதான் கையில் இருந்த கடைசி வழி. ஒரே நாளில் முடிந்துவிடும் என்றால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. தெற்கே தண்ணீர் இல்லாததைக் கண்ணால் பார்த்துத்தான் மேற்கே வந்தார்கள். கிழக்கே என்ன இருக்கும் என்று மூன்று அரசர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தே ஆடிய சூதாட்டம் அது. இப்னு அல்-கலானிசி இந்த இடமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. உள்ளே இருந்த மனிதருக்கு அது பெரிய திருப்பமாகத் தெரியவில்லை. வெளியே இருந்தவர்களுக்குப் பிற்பாடு பழிபோட ஒரு இடம் தேவைப்பட்டபோது அது பெரிதாகிவிட்டது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. உனுர் ஸெங்கியின் மகன்களிடம் உதவி கேட்டிருந்தார். மூத்தவர் சைஃபுத்தீன் மோசூலிலிருந்தும், நூருத்தீன் அலெப்போவிலிருந்தும் கிளம்பி ஹோம்ஸ் வரை வந்துவிட்டார்கள். அந்தப் படை சேர்ந்தால் மதிலுக்கும் குதிரைப்படைக்கும் நடுவே பிராங்கியர் நசுங்குவார்கள். இங்கேதான் உனுரின் சாமர்த்தியம் தெரிகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவர் நிலை. பிராங்கியர் வென்றால் நகரம் போகும், காப்பாற்ற வருகிற மருமகன் வென்றாலும் நகரம் போகும். உள்ளே விட்டால் அந்தச் சகோதரர்கள் வெளியே போகமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எனவே அவர்கள் வருகிறார்கள் என்ற செய்தியையே ஆயுதமாக்கினார். ஐரோப்பியர்களிடம் ஒரு மிரட்டல். உள்ளூர் பிராங்கியரிடம் வேறொரு பேச்சு: இந்த அந்நியர்கள் டமாஸ்கஸைப் பிடித்தால் உங்கள் கடற்கரை ஊர்களையும் விட்டுவைக்கமாட்டார்கள். என்னால் தாங்க முடியாவிட்டால் ஊரை சைஃபுத்தீனிடம் கொடுத்துவிடுவேன், அப்புறம் சிரியாவில் உங்களுக்கு இடமிருக்காது. இப்னு அல்-அதீர் என்ற வரலாற்றாசிரியர் தரும் இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் வாதம் அப்பழுக்கற்றது. பணமே கொடுக்காமல் ஒருவரை மனம் மாற்றக்கூடிய வாதம்.

உள்ளூர்ப் பிரபுக்களின் மனம் அதற்குள் பாதி மாறியும் இருந்தது. ஊர் விழுவதற்கு முன்பே அதை யார் ஆள்வது என்ற சண்டை வந்துவிட்டது. பிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபு தியரி தனக்கு வேண்டும் என்று கேட்டு, ஐரோப்பிய அரசர்களின் ஆதரவையும் வாங்கிவிட்டதாகப் பேச்சு. தலைமுறை தலைமுறையாக அங்கே ரத்தம் சிந்தியவர்கள் நாங்கள், நேற்றுக் கப்பலில் வந்தவருக்கா டமாஸ்கஸ் என்று உள்ளூர்க்காரர்கள் குமுறினார்கள். குமுறியவர்கள் உற்சாகமாகச் சண்டை போட்டிருக்கமாட்டார்கள். இதை நான் நம்புகிறேன். ஆனால் உற்சாகம் குறைந்ததற்கும் காட்டிக்கொடுத்ததற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

லஞ்சக் கதையின் வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் கூடும். சிலர் டெம்ப்ளர்களைக் குற்றம்சாட்டினார்கள். சிலர் ஜெருசலேம் அரசரையே. சிலர், களத்திலேயே இல்லாத அந்தியோக்கியா ரேமண்டை, எலினோர் விஷயத்தில் பழிதீர்க்க ஆட்களை ஏவினார் என்று. சிரியக் கிறித்தவத் தலைவர் மிக்கேல் எழுதியதில் கதை முழு வடிவம் பெறுகிறது. வாங்கிய தங்கக் காசுகளைப் பிறகு உரசிப் பார்த்தால் உள்ளே செம்பாம். துரோகியும் ஏமாந்தான் என்ற இந்த முடிவு வெகு நேர்த்தியாக இருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முப்பது வெள்ளிக்காசை அறிந்த யாருக்கும் இது எந்தக் குடும்பத்துக் கதை என்று புரியும். வில்லியம் நேர்மையான மனிதர். இதில் பங்கெடுத்தவர்களைப் பலமுறை விசாரித்தேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்பதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

ஏன் இத்தனை பேருக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான்? சாதாரணப் போரில் தோற்றால் வெயில், பசி, திட்டமின்மை என்று சொல்லிவிடலாம். கடவுளின் பெயரால் அறிவித்து, பாவமன்னிப்பு வாக்களித்து, நாடு முழுக்க வரி வசூலித்து நடத்திய போரில் அப்படிச் சொல்ல முடியாது. கடவுள் தோற்கமாட்டார். ஆகவே நம்மில் யாரோ பாவம் செய்திருக்க வேண்டும், அல்லது யாரோ விற்றிருக்க வேண்டும். மடங்களில் இருந்தவர்கள் முதல் விளக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். பெர்னார்ட் போப்புக்கு எழுதியபோது, மோசேயின் பின்னால் போன இஸ்ரவேலரும் தங்கள் பாவத்தால் பாலைவனத்திலேயே மடிந்தார்கள் அல்லவா என்றார். மக்கள் கடவுளைத் திட்டுவதைவிட என்னைத் திட்டட்டும் என்றும் எழுதினார். களத்திலிருந்து திரும்பிய அரசர்களும் வீரர்களும் இரண்டாம் விளக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரச் சோற்றோடு போனோம் என்பதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பின்வாங்கும் வழியும் சுலபமாக இருக்கவில்லை. துருக்கமான் வில்லாளிகள் பின்தொடர்ந்து அம்பு மழை பொழிந்தார்கள். வழி நெடுகச் சிதறிக் கிடந்த ஆட்கள், குதிரைகளின் பிணநாற்றம் பற்றி இப்னு அல்-கலானிசி எழுதுகிறார். திரும்பியபின் அஸ்கலானையாவது தாக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். கான்ராட் தன் ஆட்களோடு போய் நின்றார். மற்றவர்கள் சொன்னபடி வரவில்லை. செப்டம்பரில் கான்ராட் கப்பலேறினார். லூயி 1149 ஈஸ்டர் வரை இருந்துவிட்டுப் போனார். அதன்பின் 1187இல் ஹத்தீன் போரில் ஜெருசலேம் படை சலாஹுத்தீனிடம் தோற்று எல்லாம் கைமீறும் வரை மேற்கிலிருந்து இந்த அளவில் ஒரு படை வரவில்லை. ஜெருசலேம் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது.

இந்தத் தாக்குதல்தான் டமாஸ்கஸை நூருத்தீனிடம் தள்ளியது என்று சொல்வதையும் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். உனுர் அடுத்த ஆண்டே ஜெருசலேமோடு மறுபடி போர்நிறுத்தம் செய்துகொண்டார். மருமகன்மீது அவருக்கு இருந்த பயம் அப்படியேதான் இருந்தது. 1149 ஜூனில் இனாப் என்ற இடத்தில் நடந்த போரில் நூருத்தீன் அந்தியோக்கியா ரேமண்டைக் கொன்றார். ஆகஸ்டில் உனுர் இறந்தார். அவர் இடத்தில் சாமர்த்தியசாலி யாரும் இல்லை. அதன்பின் முஜீருத்தீன் ஜெருசலேமுக்குப் பணம் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார். அது ஊர் மக்களுக்குப் பிடிக்கவில்லை. 1148இல் பிராங்கியரின் அம்புகளுக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். நூருத்தீன் அவசரப்படவில்லை. ஐந்தாண்டு நெருக்கினார், கடிதம் எழுதினார், நகரத்துக்குள் ஆதரவு தேடினார், கடைசியில் தானியம் போகும் வழியை அடைத்தார். 1154 ஏப்ரல் 25 அன்று அவர் படை வந்தது கிழக்குப் பக்கத்துக்கு, பிராங்கியர் கடைசியாக நம்பிப் போன அதே பக்கத்துக்கு. அந்த இடத்தில் மதிலின்மேல் காவல் இல்லை. ஒரு யூதப் பெண் மேலிருந்து கயிற்றை இறக்கிவிட, ஒரு வீரன் ஏறிக் கொடியை நட்டான். இன்னொருவன் கோடரியால் கிழக்கு வாசலின் பூட்டை உடைத்தான். பெரிதாகச் சண்டை நடக்கவில்லை. முஜீருத்தீனுக்கு ஹோம்ஸ் கொடுக்கப்பட்டது. ஊரில் சில சந்தை வரிகள் நீக்கப்பட்டன.